வயிற்றுக்குள் ஒரு மணல் வாளி

என் நெஞ்செரிச்சலுக்கு நான் கொடுத்த மரியாதையைப் பெற்ற தாய்க்குக்கூடக் கொடுத்ததில்லை என்பது என் மனைவியின் நிரந்தரக் குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் என் தாய் ஒருநாளும், நான் சாப்பிட்டுச் சாய்ந்ததும் தொண்டை வரை ஏறிவந்து, "உன்னை என்ன செய்கிறேன் பார்" என்று மிரட்டியதில்லை.

செல்போனில் பேசினால் காசு போகுமே என்று ஊரே மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் சாத்தூருக்கு அந்தப் பக்கம், அச்சங்குளம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீடு விருதுநகரில். போர்மேனுக்கு உருப்படியாக ஒரு வேலையும் கிடையாது, கத்துவதைத் தவிர. ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆள் உட்கார்ந்தால் கத்த வேண்டும். அலுமினியப் பொடி ஈரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கத்த வேண்டும். கந்தகத்தை அள்ளிய கரண்டியால் வெடியுப்பை அள்ளினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சர்டிபிகேட் வாங்கிய ஒருவன் இப்படிக் கத்திக்கொண்டு நிற்கவில்லை என்றால் கம்பெனியைத் திறக்கக் கூடாது. ஆகவே எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலிதான் எனக்கு ஊர், பேர், கௌரவம் எல்லாம்.

வேலை முடிந்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கால் வீட்டுப் பக்கம் போகாது. எண்ணெயில் முங்கி முறுகலாக எழுந்து வரும் புரோட்டாவின் பக்கம் போகும். சால்னாவை ஊற்றச் சொல்லி, அது ஊறுவதற்குள் பாதியைத் தின்று, ஊறியபின் மீதியைத் தின்று, வீட்டுக்கு வந்து மனைவிக்காக மறுபடியும் கொஞ்சம் தின்பேன். பிறகு படுப்பேன். பிறகு அது வரும்.

ஒருநாள் மத்தியானம் பேக்கிங் ஷெட்டில் கத்திக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. நெஞ்சுக்குழியில் யாரோ கம்பி மத்தாப்பைக் கொளுத்திச் செருகியதுபோல் இருந்தது. இடது கையில் வேறு குடைச்சல். காலையில் பஸ்ஸில் அந்தக் கையால்தான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "அட்டாக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அட்டைப்பெட்டிக் குவியலின் மேல் சாய்ந்தேன். லோடு ஏற்ற வந்த வேனில் லோடை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். போகிற வழியெல்லாம் மனைவிக்குச் சொல்லவேண்டிய கடைசி வார்த்தைகளைத் தேடினேன். புரோட்டாக் கடை நினைவுதான் வந்தது.

ஈசிஜி எடுத்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். "எத்தனை?" என்றார். அதையும் சொன்னேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

மறுநாள் கம்பெனிக்குள் நுழைகிறேன். பேக்கிங் பெண்கள் வரிசையில் ஒரு குரல்: "வந்துட்டாகடி, புஸ்வாணம்!"

"மேல போகுது, மேல போகுதுன்னு பாத்தேன். புஸ்ஸுன்னு எறங்கிருச்சு."

"வேன் வாடகைய யாரு குடுக்கா? புரோட்டாக் கடைக்காரரா?"

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளிகூட ஒருமுறை போனில், "நம்ம புஸ்..." என்று ஆரம்பித்து, இருமி, "போர்மேன்" என்று முடித்தார். அன்று ஒரு சபதம் எடுத்தேன். இனி என் நெஞ்சில் என்ன எரிந்தாலும் எந்த டாக்டரிடமும் வாயைத் திறப்பதில்லை.

எரிவதை அணைக்க ரோஸ் கலர் மருந்து ஒன்று கடைகளில் கிடைத்தது. சீட்டு தேவையில்லை. சுண்ணாம்பைக் கரைத்துப் பெப்பர்மின்ட் போட்டதுபோல் ஒரு ருசி. குடித்ததும் வயிற்றில் இருக்கிற அமிலத்தைப் பிடித்து அடக்கிவிடும். அடுத்த அமிலம் ஊறி வரும்வரை நிம்மதி. ஊறினால் இன்னொரு மூடி. இதில் இன்னொரு சௌகரியம், அது எனக்கு மருந்தாகவே தெரியவில்லை. சோடா குடிப்பவன் "மருந்து சாப்பிடுகிறேன்" என்று சொல்வானா?

அதை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கடைக்கு நடந்துபோய் வாங்குவேன். என் மனைவியின் தம்பி எங்கள் தெருமுனையிலேயே மெடிக்கல் ஷாப் வைத்திருந்தான். பார்மசி படித்தவன். அந்தக் கடை திறப்பு விழாவில் நான் மைக் இல்லாமலே நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை கடைக்கு வியாதி இல்லாமப் போனாலும் திரும்பி வரும்போது ஒண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புவாரு" என்று ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஒரு சாயங்காலம் பொழுது போகாமல் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அலுமினியம் ஏதோ, மெக்னீசியம் ஏதோ என்று போட்டிருந்தது. பாட்டிலை மெதுவாகத் தள்ளி வைத்தேன். இந்த இரண்டு பெயரையும் நான் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன். வானத்தில் வெள்ளையாகப் பூத்துக் கொட்டுகிறதே, அது இவைதானே! அதை மூடி மூடியாக உள்ளே இறக்கியிருக்கிறேன். அடுப்படிப் பக்கம் போகாமல் சுவரோரமாக நின்றேன். ஏப்பம் வந்தது. அடக்கினேன்.

"என்ன அங்கன ஒட்டிக்கிட்டு நிக்கீக?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "வெடிக்கிறதா இருந்தா வாசல்ல போய் வெடிங்க. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு."

பொடியாக இருக்கிற உலோகம் வேறு, அது உப்பாக மாறி மருந்தில் இருப்பது வேறு என்று கம்பெனிக் கெமிஸ்ட் அடுத்த நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன், ஏதோ அவரைச் சோதிக்கக் கேட்டதுபோல. அதன்பிறகு அந்த மருந்தின் மேல் எனக்கு இன்னும் பாசம் கூடிவிட்டது. நம்ம ஆள், நம்ம கம்பெனிச் சரக்கு.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் சிவப்பு வாளியில் மணல் தொங்கும். சூடான வேலை நடக்கிற இடத்தில் மணல் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி என் மூளையும் அப்படியே ஆகிவிட்டது. எந்த மாத்திரையும் சூடுதான், வயிற்றைப் பொசுக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆக, மாத்திரை என்கிற சூடு உள்ளே இறங்கும்போது அந்த ரோஸ் கலர் மணல் வாளியும் கூடவே இறங்க வேண்டும். இப்படி ஒரு பாதுகாப்பு விதியை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்காமலே.

தீபாவளி லோடு கிளம்ப ஆரம்பித்த நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டைபாய்டு. விருதுநகரில் நாங்கள் வழக்கமாகப் போகிற டாக்டர், சிப்ரோபிளாக்சசின் மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. எழுதுவதற்கு முன்னால் கேட்டார், "வேற ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிடுறீங்களா?"

புஸ்வாணம் என்கிற சொல் காதில் கேட்டது. "ஒண்ணுமே கிடையாது டாக்டர். நமக்கு மருந்தே பிடிக்காது" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து விதிப்படி நடந்தேன். மாத்திரைக்கு முன்னால் ஒரு மூடி ரோஸ். பிறகு ஒரு டம்ளர் பாலோடு மாத்திரை, பால் குளிர்ச்சியாச்சே. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மூடி. இவ்வளவு கவனமாக மாத்திரை சாப்பிட்ட மனிதன் தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டான்.

காய்ச்சல் அசையவில்லை. காலையில் கொஞ்சம் பதுங்கும், சாயங்காலம் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். டாக்டரிடம் மறுபடி போனபோது முகத்தைச் சுருக்கினார். "இந்த மாத்திரைக்குக் கேக்காத டைபாய்டா இருக்கலாம். இன்னும் ரெண்டு நாள் பாப்போம். இல்லன்னா மதுரைக்குப் போய் அட்மிட் ஆகி ஊசி போட வேண்டியதுதான்."

மதுரை என்றதும் எனக்கு மாலையும் ஊதுபத்தியும் தெரிந்தன. அதைவிட மோசமானது வீட்டில் காத்திருந்தது. முதலாளி போன் செய்தார்.

"என்னய்யா, இன்னும் எந்திரிக்கலையா? ஆய்வுக்கு ஆள் வர்ற நேரம். போர்மேன் இல்லன்னா ஷட்டரை இழுக்கச் சொல்லிருவாங்க. அதான் ஒருத்தர ஏற்பாடு பண்ணிட்டேன். சின்ன வயசு. சுறுசுறுப்பு. நீ நல்லா ரெஸ்ட் எடு."

நல்லா ரெஸ்ட் எடு என்று முதலாளி சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போனை வைத்ததும் என் நாற்காலியில் எவனோ ஒருத்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என் குரலில் கத்துவது கேட்டது. காய்ச்சலா, பொறாமையா தெரியவில்லை, உடம்பு தூக்கிப் போட்டது.

"உயில் எழுதணும்" என்றேன்.

"எத? அந்த ரோஸ் பாட்டிலையா?" என்று கேட்டுவிட்டு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது பின்னால் அவள் தம்பி.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், ஜன்னல் திட்டில் இருந்த மாத்திரை அட்டையையும் பக்கத்தில் இருந்த பாட்டிலையும் பார்த்தான். அங்கேயே கண் நின்றுவிட்டது.

"அக்கா, மாத்திரைய எதோட முழுங்குறாகன்னு கேளு."

மனைவி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற என்னிடம் திரும்பினாள். "எதோட முழுங்குறீகன்னு கேக்கான்."

"பாலோடன்னு சொல்லு."

"பாலோடயாம்."

"இந்த பாட்டில் எதுக்கு இங்கன ஒக்காந்திருக்குன்னு கேளு."

"சூட்டத் தணிக்கன்னு சொல்லு. முன்னாடி ஒரு மூடி, பின்னாடி ஒரு மூடி."

மனைவி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. கடைத் திறப்பு விழாவில் சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். காய்ச்சல்காரனை அடிக்கக் கூடாது என்று ஒரு நியாயம் உண்டு. காய்ச்சல்காரன் அடிக்கக் கூடாது என்று எதுவும் கிடையாது. ஆனால் எனக்குக் கை தூக்க முடியவில்லை.

"அக்கா, இந்த பாட்டில்ல இருக்க அலுமினியமும் மெக்னீசியமும் இருக்குல்ல, அது இந்த மாத்திரையக் கண்டா வயித்துக்குள்ளயே கட்டிப் புடிச்சுக்கிரும். பால்ல இருக்க சுண்ணாம்புச் சத்தும் அதே மாதிரி. விடவே விடாது. ரத்தத்துல ஏறித்தான கிருமியக் கொல்லணும்? ஏற விட்டாத்தான? கட்டிப் புடிச்சபடியே வெளிய போயிரும். இவுக இம்புட்டு நாளும் டைபாய்டு மருந்து குடுத்தது கக்கூசுக்கு."

"அப்ப நான் சாப்பிட்டதெல்லாம்?" என்றேன். நேராக அவனிடமே கேட்டுவிட்டேன்.

அவனும் மறந்துபோய் நேராகவே பதில் சொன்னான். "நமுத்துப்போன சரவெடி, மச்சான். திரியக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சுட்டு வெடிக்கலையே வெடிக்கலையேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீக. ஒங்க ஸ்டோர்ல எதுக்குப் பக்கத்துல எத வைக்கக் கூடாதுன்னு கத்துவீகளாம்ல?"

"ரெண்டு பேரும் பேசிட்டீகல்ல, இனி எனக்கு வேலை இல்ல" என்று மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

"டாக்டர் இதக் கேக்கலையா?" என்றான்.

"கேட்டாரு. ஒண்ணுமில்லன்னேன்."

"ஏன்?"

"ஊர்ல என்னப் புஸ்வாணம்னு சொல்லுவாக."

"அதான் இப்பவே சொல்லுறாகளே" என்றான். ஆறுதல் சொல்வது அவனுக்கு வராது. எழுந்து போகும்போது, "நான் சொன்னேன்னு நீங்களா எதையும் மாத்தாதீக. இந்த பாட்டிலத் தூக்கிக்கிட்டு டாக்டர்ட்ட போய் நில்லுங்க. சூடு போட்டாலும் வாங்கிக்கோங்க" என்றான்.

மஞ்சப் பையில் பாட்டிலைப் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன தடவை அவர் பார்த்த பார்வையெல்லாம் பார்வையே இல்லை.

"நீங்க எங்கிட்டப் பொய் சொல்லலாம். வயித்துக்கிட்ட எப்படிப் பொய் சொல்லுவீங்க? வேலை செய்யாத மாத்திரைன்னு நெனச்சு மதுரைக்கு அனுப்பியிருப்பேனேய்யா!"

வெளியே காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு கிழவர் கதவை லேசாகத் திறந்து முகத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்டார்.

அதே மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வெறும் தண்ணீரோடு. ரோஸ் மருந்து குடித்தே ஆக வேண்டுமென்றால் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து. அதைக் குடித்துவிட்டால், அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி. குடிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. பிறகு, கோபம் ஆறாமலே, என் எரிச்சலைப் பற்றியும் கேட்டார். ஒரு காலத்தில் நான் ஒமிப்ரசோல் கேப்ஸ்யூல் வாங்கி, எரியும்போது வாயில் போட்டு, "இது டுபாக்கூர்" என்று தூக்கி எறிந்ததைச் சொன்னேன்.

"எரியும்போது போட்டா எப்படிக் கேக்கும்? ரோஸ் மருந்து ஊறின அமிலத்தை அடக்குது. இது அமிலம் ஊறுற குழாயையே மூடுது. சாப்பாடு வரும்போதுதான் குழாய் திறக்கும். அதனால காலைல சாப்பிடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி. ரெண்டு மூணு நாள் ஆகும் முழுசாத் தெரிய. இதுவும் எல்லா மாத்திரையோடயும் ஒத்துப்போகாது. இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற சிலது, தோல்ல வர்ற படைக்குக் குடுக்கிற சில மாத்திரை... அந்தப் படை மாத்திரை வயித்துல புளிப்பு இருந்தாத்தான் கரையும். ரோஸ் மருந்துக்கும் இதே கதைதான். வேற எதாவது எழுதிக் குடுத்தா, இதைச் சாப்பிடுறேன்னு வாயத் திறந்து சொல்லணும். திறப்பீங்களா?"

திறந்தேன். "சரிங்க" என்றேன்.

பால் இல்லாமல், மணல் வாளி இல்லாமல் மாத்திரை இறங்கியது. வயிறு எரியும் என்று கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூணாவது நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்தேன், கெட்டுப்போய்விட்டதோ என்று.

கோர்ஸ் முடிந்து தெம்பு வந்ததும் கம்பெனிக்குப் போனேன். என் நாற்காலியில் அவன். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் முழுதாக எழவில்லை. பாதி எழுந்து நாற்காலி நகராமல் கையை வைத்துக்கொண்டான். முதலாளி வந்து, "சீசன் முடியிறவரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. அப்புறம் பாப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் ஒருத்தன் போவான்.

அன்றிலிருந்து கம்பெனியில் இரண்டு பேர் கத்தினோம். நான் ஒரு ஷெட்டில் கத்தினால் அவன் அடுத்த ஷெட்டில் அதைவிடப் பெரிதாகக் கத்துவான். எனக்கு ஒரே நம்பிக்கை அவன் சொறிவதில்தான் இருந்தது. இடுப்பு, தொடை, முதுகு என்று விடாமல் சொறிவான். கத்திக்கொண்டே சொறிவான். பொடி வேலை நடக்கிற இடத்தில் இப்படிச் சொறிகிறவனை வைத்திருக்கக் கூடாது என்று முதலாளியே ஒருமுறை முகம் சுளித்தார். எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு செரித்தது.

தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் மேல் ஆர்டர். ஒரு மத்தியானம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒரே எரிச்சலா இருக்கு. நீங்க ஏதோ ரோஸ் மருந்து வச்சிருப்பீகளாமே. ஒரு மூடி தாங்களேன்."

என் அலமாரியில் பழைய பாட்டில் பாதி இருந்தது. எடுத்தேன். எடுக்கும்போதே வாய் தானாகக் கேட்டது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீகளா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

சொன்ன விதம் எனக்குத் தெரியும். நான் சொன்ன விதம்தான். அவன் சட்டைப்பையில் ஒரு அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"இதா? இது சும்மா... படைக்கு."

பாட்டில் என் கையில். மூடி திறந்தாகிவிட்டது. இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தால், தினமும் அன்பாக இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தால், படை மாத்திரை கரையாது, அவன் சீசன் முடியும்வரை சொறிவான். சொறிகிறவனுக்கு நாற்காலி இல்லை. பாட்டிலைச் சரித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு சொட்டு மூடியில் விழுந்தது.

அப்புறம் கத்திவிட்டேன். ஒரு கரண்டியில் இரண்டு பொடி அள்ளுகிறவனைப் பார்த்தால் எப்படிக் கத்துவேனோ அப்படி. "அதுக்குப் பக்கத்துல இத இறக்கக் கூடாதுய்யா! டாக்டரக் கேட்டுட்டு வா!" எனக்கு நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாய் அப்படிப் பழகிவிட்டது. மச்சினன் குரல் மாதிரியே வேறு இருந்தது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் முகம் கறுத்துப்போனது. "ஒரு மூடி குடுக்க மனசில்லாமக் கத்துறாரு பாருங்க" என்று பேக்கிங் ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். "புஸ்வாணம் கஞ்சப் புஸ்வாணம்" என்றார்கள் பெண்கள். ஆனால் அவன் டாக்டரிடம் போனான். நேரம் பிரித்துச் சாப்பிட்டானோ, வேறு மருந்து மாற்றினார்களோ, தீபாவளிக்கு முன்பே படை சுத்தமாக ஆறிவிட்டது. தோல் பளபளவென்று ஆகிவிட்டது. கை சும்மா இருந்ததால் இன்னும் நன்றாகக் கத்தினான்.

தீபாவளி முடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ நல்லாத்தான் கத்துறய்யா. ஆனா உன்னய எப்ப வேன்ல ஏத்த வேண்டி வருமோன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். நாற்காலி அவனுக்கு.

விருதுநகருக்குப் பக்கத்திலேயே வேறொரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஸ்டூல்தான். மச்சினன் கடையில் கேப்ஸ்யூல் வாங்கப் போகும்போது ஒருநாள், புதுப் போர்மேனுக்கு ஊற்றப் போய் நிறுத்திய அந்தப் பாட்டில் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அட்டையைக் காகிதப் பையில் போட்டு, மடித்து, என் பக்கம் தள்ளிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"ஊத்திக் குடுத்திருக்கலாம்ல, மச்சான்" என்றான்.